பகல் நேரச் சலுகைக் கட்டணம் வந்தால் கரண்டு பில் குறையுமா? தங்கச்சிமடம் வீட்டின் ஏழு நாள் கணக்கு

கேள்வி: தங்கச்சிமடத்தான்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு தங்கச்சிமடத்தில் கடற்கரையை ஒட்டி இருக்கிறது. வீட்டில் ஆறு பேர். இரண்டு மாதத்துக்கு 720 யூனிட் அளவில் ஓடுகிறது. கடைசி பில் 4,014 ரூபாய். ஏ.சி. கிடையாது. நான்கு மின்விசிறிகள், ஒரு ஃப்ரிட்ஜ், கிணற்று மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம், கிரைண்டர், இவற்றோடு ஒரு டீப் ஃப்ரீசர் இருக்கிறது. ஃப்ரீசர் வியாபாரத்துக்கானது அன்று. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் வீட்டுச் சமையலுக்கு வேண்டிய மீனை வைத்துக்கொள்ள அப்பா எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கியது. இப்போது ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கொச்சியில் இருக்கும் அக்கா வீட்டில் நேரவாரியாகக் கட்டணம் கணக்கிடுகிறார்களாம். துணி துவைப்பதையும் மோட்டார் போடுவதையும் பகலுக்கு மாற்றியதில் ஜூன், ஜூலை பில் நன்றாகக் குறைந்துவிட்டது என்று அக்கா சொல்கிறார். மன்னாரில் இருக்கும் எங்கள் உறவினரோ இதற்கு நேர்மாறாக, இரவு பத்தரைக்குப் பிறகுதான் மின்சாரம் மலிவு என்கிறார். நம் ஊரிலும் ஸ்மார்ட் மீட்டர் வந்ததும் இந்த முறை வரும் என்று பேச்சு இருப்பதால், தெரிந்த எலக்ட்ரீசியன் ஒருவர் மோட்டாருக்கும் ஃப்ரீசருக்கும் டைமர் வைத்துத் தர 4,500 ரூபாய் கேட்கிறார்.

பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் மீட்டரைப் பார்த்து எழுதினேன். சூரிய ஒளி நேரம் என்று எட்டு மணி நேரம் ஒதுக்குவார்கள் எனப் படித்ததால், அதைக் காலை 9 முதல் மாலை 5 வரை என்று நானாகவே வைத்துக்கொண்டேன். ஏழு நாளுக்கும் சேர்த்து, காலை 6 முதல் 9 வரை 8 யூனிட், 9 முதல் மாலை 5 வரை 22, 5 முதல் 6 வரை 4, மாலை 6 முதல் இரவு 10 வரை 21, இரவு 10 முதல் காலை 6 வரை 29. மொத்தம் 84 யூனிட். காலை ஆறு மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு மீட்டர் பெட்டி முன் போய் நிற்பதைப் பார்த்து அம்மா, ஈ.பி.யில் வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டார்கள்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் நேரவாரிக் கட்டணம் எங்களுக்கு லாபமா, நட்டமா? டைமர் வாங்கலாமா?

பதில்: ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர்

தம்பி, ஏழு நாள் எழுதி வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானோர் பில்லை மட்டும் காட்டிக் கேட்பார்கள். பில்லில் நேரம் தெரியாது.

முதலில், இன்றைய நிலையில் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு நேரவாரிக் கட்டணம் இல்லை. உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்குத்தான் இருக்கிறது: 2022 செப்டம்பர் ஆணைப்படி காலை 6.30 முதல் 10.30 வரையிலும் மாலை 6 முதல் இரவு 10 வரையிலும் 25 சதவீதம் கூடுதல், இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. வீடுகளைப் பற்றிய பேச்சு எழுந்ததற்குக் காரணம், மத்திய அரசு 2023 ஜூனில் நுகர்வோர் உரிமை விதிகளில் செய்த திருத்தம். விவசாயம் தவிர மற்ற நுகர்வோருக்கும் நேரவாரிக் கட்டணம் வேண்டும் என்றும், எட்டு மணி நேரச் சூரிய ஒளி நேரத்தில் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் மலிவாக இருக்க வேண்டும் என்றும், எல்லோரும் அதிகம் எரிக்கும் உச்ச நேரத்தில் வீடு போன்ற இணைப்புகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பிறகே அது ஓர் இணைப்புக்குப் பொருந்தும். எந்த எட்டு மணி நேரம் என்பதை மாநில ஒழுங்குமுறை ஆணையம்தான் குறிக்க வேண்டும். ஆகவே உங்கள் 9 முதல் 5 என்பது ஓர் ஊகம்தான், ஆனால் மோசமான ஊகம் அன்று.

மன்னார் உறவினர் சொல்வதிலும் பிழை இல்லை. இலங்கையில் நேரவாரி முறையைத் தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு. நம் பக்கம் பகல் மலிவாக்கப்படுவதற்குக் காரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கமுதிப் பக்கம் 2016இல் வந்த 648 மெகாவாட் சூரியப் பூங்காவை நினைத்துக்கொள்ளுங்கள்: நண்பகலில் உற்பத்தி குவிகிறது, எல்லோரும் விளக்கைப் போடும் நேரத்தில் அது நின்றுவிடுகிறது. ஆகவே கடலுக்கு அந்தப் பக்கத்து மலிவு நேரத்தை இந்தப் பக்கத்துக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

இப்போது உங்கள் 84 யூனிட்டுக்கு வருவோம். மத்திய விதியின் குறைந்தபட்ச அளவே இங்கே வந்தது என்றும், மாலை 6 முதல் இரவு 10 வரை உச்ச நேரம் என்றும் வைத்துக்கொண்டால், பகல் 22 யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4.4 யூனிட்டின் விலை மிச்சம். மாலை 21 யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2.1 யூனிட்டின் விலை கூடுதல். நிகரமாக 84இல் 2.3 மிச்சம். உங்கள் 4,014 ரூபாய் பில்லில் இது இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 110 ரூபாய். எதையும் மாற்றாமலே இது கிடைக்கும்.

ஆனால் உங்கள் பில்லில் பணம் போகும் இடம் வேறு. வீடுகளுக்கு 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள விலையைப் பாருங்கள்; 2025 ஜூலை உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டதால் இதில் மாற்றமில்லை. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 விலை காணாமல் போய், 101இலிருந்தே 4.70 ஆகிவிடும், பிறகு 600 வரை 8.40, 800 வரை 9.45. சரியாக 500 யூனிட் ஓட்டியவர் 1,805 ரூபாய் கட்டுகிறார். 501 ஓட்டியவர் 2,048 ரூபாய் 40 காசு கட்டுகிறார். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. நான் வேலையில் இருந்த காலத்தில் ஸ்லாப் விலைகள் வேறாக இருந்தாலும், வாசலில் நடந்த சண்டைகளில் பாதி இந்த எல்லைக்கோட்டைப் பற்றியவையே.

நீங்கள் இருப்பது 9.45 படியில். நாளுக்கு இரண்டு யூனிட் குறைத்தால் 60 நாளில் 120 யூனிட் குறைந்து 600இல் வந்து நிற்பீர்கள், பில் 2,880. மிச்சம் 1,134 ரூபாய். அதே இரண்டு யூனிட்டைக் குறைக்காமல் மாலையிலிருந்து பகலுக்குத் தள்ளினால் அதில் பாதிகூட வராது. எந்த நேரத்தில் எரிக்கிறீர்கள் என்பதைவிட எவ்வளவு எரிக்கிறீர்கள் என்பதே உங்கள் வீட்டுக்கு முக்கியம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீசரில் உள்ள மீனையோ ஐஸையோ எப்போதாவது விலைக்குக் கொடுக்கத் தொடங்கினால் அது வீட்டுக் கட்டணத்தில் வராது, வணிக இணைப்பு ஆகிவிடும். நீங்கள் அப்படிச் செய்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கும் மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

பதில்: கீழக்கரையிலிருந்து கொச்சிக்கு

நான் கீழக்கரைக்காரன், பதினோரு ஆண்டுகளாக எர்ணாகுளத்தில் குடியிருக்கிறேன். உங்கள் அக்கா குறிப்பிடும் முறையில்தான் எங்கள் பில்லும் வருகிறது. கேரளத்தில் 2025 ஜனவரி முதல் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் எரிக்கும் வீடுகளுக்குக் காலை 6 முதல் மாலை 6 வரை 10 சதவீதம் குறைவு, மாலை 6 முதல் இரவு 10 வரை 25 சதவீதம் கூடுதல், மற்ற நேரம் வழக்கமான விலை. சலுகையும் தண்டனையும் சம எடையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மாலையில் எரிக்கும் ஒவ்வொரு யூனிட்டையும் ஈடுகட்டப் பகலில் இரண்டரை யூனிட் எரித்திருக்க வேண்டும். உங்கள் மாலைக் கணக்கு 21 என்றால் பகல் கணக்கு 52.5 ஆக இருந்தால்தான் சரிக்குச் சரி. உங்களிடம் காலை 6 முதல் மாலை 6 வரை இருப்பதோ 8, 22, 4 சேர்ந்து 34. ஆகவே இதே முறை உங்கள் வீட்டுக்கு வந்தால் பில் 2 சதவீதம் அளவுக்கு ஏறவே செய்யும்.

அப்படியானால் அக்காவின் பில் எப்படிக் குறைந்தது? ஜூன், ஜூலை என்கிறீர்கள். எடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. எங்கள் வீட்டிலும் குறைந்தது. நாங்களும் துணியைப் பகலில் துவைத்த பெருமையைப் பேசிக்கொண்டோம். பிறகு நான் பழைய பில்களை எடுத்துச் சென்ற ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டபோது, ஏ.சி. ஓடாததுதான் காரணம் என்று தெரிந்தது. மொத்த யூனிட்டே கால் பங்கு குறைந்திருந்தது. ஏ.சி.யை நாங்கள் இரவு பத்துக்கு மேல்தான் போடுகிறோம், அந்த நேரத்துக்குச் சலுகையும் இல்லை, கூடுதலும் இல்லை. உண்மையில் எங்களுக்குக் கையைச் சுட்டது மாலை ஏழரைக்கு இண்டக்‌ஷன் அடுப்பில் தோசை ஊற்றியதுதான்; அதை மீண்டும் கேஸ் அடுப்புக்கு மாற்றினோம். அக்காவிடம் தொகையைக் கேட்காதீர்கள். பில்லில் மூன்று நேரத்துக்கும் தனித்தனியாக அச்சிட்டிருக்கும் யூனிட்டை, இந்த ஆண்டுக்கும் சென்ற ஆண்டுக்கும் கேளுங்கள்.

கேள்வியாளர்: தங்கச்சிமடத்தான்

கணக்கீட்டாளர் ஐயாவுக்கும் கீழக்கரை அண்ணனுக்கும் நன்றி. அக்காவிடம் கேட்டேன், மொத்த யூனிட்டே 140 குறைந்திருக்கிறது. மழைதான்.

இரண்டு சந்தேகங்கள் மீதி இருக்கின்றன. ஃப்ரீசரை மாலை 6 முதல் 10 வரை டைமர் வைத்து நிறுத்தலாமா? இன்வெர்ட்டர் பேட்டரியைப் பகலில் ஏற்றிக்கொண்டு மாலையில் அதிலேயே விளக்கையும் விசிறியையும் ஓட்டலாமா? இன்வெர்ட்டர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.

பதில்: மண்டபம் இயற்பியல் ஆசிரியை

இரண்டாவது கேள்வி எளிது, வேண்டாம். சாதாரண ஈய அமில பேட்டரியும் இன்வெர்ட்டரும் சேர்ந்தால், 10 யூனிட் ஏற்றி 7 யூனிட் அளவுக்குத்தான் திரும்ப எடுக்க முடியும். இந்த இழப்பைச் சரிக்கட்ட மாலை விலை பகல் விலையைப்போல் 1.43 மடங்காவது இருக்க வேண்டும். மத்திய விதியின் குறைந்தபட்ச அளவில் அது 1.10க்கு 0.80, அதாவது 1.375 மடங்கு. கேரள முறையில் 1.25க்கு 0.90, ஏறக்குறைய 1.39. இரண்டிலும் நட்டம், பேட்டரி தேய்வது தனி.

ஃப்ரீசரைப் பொறுத்தவரை, நான்கு மணி நேரம் நிறுத்தினால் அந்த மின்சாரம் மிச்சமாகிவிடாது. உள்ளே ஏறிய வெப்பத்தை இறக்க, பத்து மணிக்குப் பிறகு கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடும். பகலிலேயே குளிரைச் சேமித்து வைத்தால்தான் பயன் உண்டு: இரண்டு லிட்டர் பாட்டில்களில் தண்ணீரை முக்கால் பங்கு நிரப்பிக் காலியான இடங்களில் அடுக்கிவிட்டால், அவை பகலில் உறைந்து மாலையில் மீனைக் காக்கும். மோட்டாரையும் சேர்த்து நாளுக்கு ஒரு யூனிட்டை மாலையிலிருந்து பகலுக்கு முழுமையாக மாற்றிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மத்திய விதியின் அளவில் உங்கள் மிச்சம் 110இலிருந்து 210 ரூபாயாக உயரும். கேரள அளவில் நட்டம் நின்று 29 ரூபாய் மிச்சம் வரும். ஆக டைமர் கூடுதலாகச் சம்பாதித்துத் தருவது, இரண்டு மாதத்துக்கு 100 ரூபாயோ சற்றுக் கூடுதலோதான். போட்ட 4,500 ரூபாய் திரும்ப ஏழு ஆண்டாகும். நம் உப்புக் காற்றில் டைமரின் முனைகள் ஏழு ஆண்டு பச்சை பிடிக்காமல் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். மோட்டாரைக் கையால் பகலில் போட ஒரு பைசா செலவில்லை.

நான் உங்கள் இரவுக் கணக்கைத்தான் உற்றுப் பார்த்தேன். எல்லோரும் உறங்கும் எட்டு மணி நேரத்தில் நாளுக்கு 4 யூனிட்டுக்கு மேல் ஓடுகிறது, அதாவது இடைவிடாமல் 500 வாட்டுக்குச் சற்று மேல். பழைய விசிறி ஒன்று 75 வாட் என்றால் நான்குக்கு 300. ஃப்ரிட்ஜுக்குச் சராசரி 50 போட்டாலும் மீதி 170 வாட் ஃப்ரீசருக்குப் போகிறது. அது நாளுக்கு 4 யூனிட். வீட்டு அளவு ஃப்ரீசருக்கு இது அதிகம். கதவின் ரப்பர் இறுகிப் போயிருக்கலாம். ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, சுற்றிலும் இடம் மாற்றி இழுத்துப் பாருங்கள். பிடிப்பில்லாமல் வழுக்கி வரும் இடத்தில் குளிர் வெளியேறுகிறது என்று பொருள்; அந்த இடத்துக்கு உள்பக்கத்தில் பனியும் தடித்திருக்கும். பின்பக்கக் கம்பிச் சுருளில் உப்பும் தூசியும் சேர்ந்து மாவுபோல் படிந்திருந்தால், இணைப்பைப் பிடுங்கிவிட்டு உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். மாலை வெயில் அடிக்கும் மேற்குச் சுவரை ஒட்டி வைத்திருந்தால் நகர்த்திவிடுங்கள். பிறகு ஒரு காலையில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஃப்ரீசரை மட்டும் நான்கு மணி நேரம் ஓடவிட்டு மீட்டரைப் படியுங்கள். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் செய்தால்தான் ஒப்பிட முடியும்.

விசிறிகளைப் பற்றி. பி.எல்.டி.சி. எனப்படும், மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் கொண்ட விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு விசிறி நாளுக்கு 15 மணி நேரம் சுற்றுகிறது என்றால், ஒன்றுக்கு 0.675 யூனிட், நான்குக்கு 2.7 யூனிட் மிச்சம்; 60 நாளில் 162. உங்கள் 720 யூனிட் 558 ஆகும், பில் 2,527 ரூபாய். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 1,487 ரூபாய் மிஞ்சும்போது, மூவாயிரம் வீதம் நான்கு விசிறிக்குப் போட்ட 12,000 ரூபாய் ஒன்றரை ஆண்டுக்குள் திரும்பிவிடும். இதற்கு ஸ்மார்ட் மீட்டரும் வேண்டாம், ஆணையத்தின் அறிவிப்பும் வேண்டாம்.

பதில்: ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர்

ஆசிரியை சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். நேரவாரி முறை வந்தால் நம் படிவிலைகளோடு அதை எப்படி இணைப்பார்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். கேரளத்தில் 250ஐத் தாண்டிய வீடுகளுக்கு மொத்தத்துக்கும் ஒரே விலை என்பதால் சதவீதம் நேராகப் பொருந்துகிறது. இங்கே அப்படி இல்லை. தொழிற்சாலைகளுக்கு உள்ளதுபோல் காலை 6.30 முதல் 10.30 வரையும் உச்ச நேரமாகிவிட்டால், இட்லிக்கு அரைப்பதும் மோட்டார் போடுவதும் அதற்குள் விழும். அதனால் அறிவிப்பு வரும்வரை டைமர்போல நேரத்தைப் பூட்டும் எதற்கும் செலவு செய்ய வேண்டாம்.

கேள்வியாளர்: தங்கச்சிமடத்தான்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ரூபாய்த் தாள் கீல் பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கே உள்ளே விரல் தடிமனுக்குப் பனி. சரிசெய்வதற்கு முன் நான்கு மணி நேரத்துக்கு 0.7 யூனிட் ஓடியது. கதவு ரப்பரை மாற்றி, கம்பிச் சுருளைத் துடைத்து, மேற்குச் சுவரிலிருந்து நகர்த்திய பிறகு 0.5. எங்கள் மீட்டர் ஒரு தசம இடம் மட்டுமே காட்டுவதால் மூன்று காலைகள் திரும்பச் செய்தேன், மூன்றிலும் 0.5தான். நாளுக்கு 4.2இலிருந்து 3 ஆகியிருக்கிறது, 60 நாளுக்கு 72 யூனிட்.

எலக்ட்ரீசியனிடம் டைமர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தமில்லை, விசிறி மாட்டும் வேலை கிடைத்ததே. இப்போது இரண்டு விசிறி வாங்கிவிட்டோம், மற்ற இரண்டும் பொங்கலுக்குள். இரண்டோடு நின்றால் 567 யூனிட், 2,603 ரூபாய். நான்கும் மாறினால் 486 யூனிட், 1,717 ரூபாய். 500க்கு 14 யூனிட்தான் இடைவெளி என்பதால், அக்கா குடும்பம் விடுமுறைக்கு வரும் இரண்டு மாதத்தில் அது நிற்காது என்பதும் தெரிந்தே இருக்கிறது. மோட்டாரை மட்டும் அம்மா இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறார்கள்; மாலையில் தொடர் பார்க்கும்போது எழுந்து போக வேண்டியதில்லை என்பது அவர்கள் காரணம். அடுத்த கணக்கெடுப்பு முடிந்ததும் எண்ணை இங்கேயே பதிகிறேன்.